கப்டன் தம்பிமாரே, முதலில் நீங்கள் வெளியே வாருங்கள்

தலையில் அடிபட்டு என்னிடம் வந்தவர் இந்த முறையும் ஒரு உதைபந்தாட்ட அணித்தலைவர்தான். உயரப் பந்துக்கு எழும்பியபோது எதிரணி வீரரின் தலையோடு தலை மோதி விழுந்திருக்கிறார். முகத்தில் தண்ணீர் ஊற்றியதும் எழும்பி, மிச்ச ஆட்டம் முழுவதையும் விளையாடி முடித்திருக்கிறார். இரண்டு நாள் கழித்துத் தலையிடி, குமட்டல், வெளிச்சத்தைப் பார்க்கவே முடியவில்லை என்று என்னிடம் கூட்டி வந்தார்கள். நான் இயன்மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ட், இது முதலில் வைத்தியர் பார்க்க வேண்டிய விஷயம் என்று உடனே போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினேன். கூட்டி வந்தவர்கள் வாசலிலேயே சொன்னது இதுதான்: "மயங்கேல்லை அண்ணை, அப்பவே எழும்பிட்டான்." அதைப் பெருமையாகச் சொன்னார்கள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். மயங்கவில்லை என்பதால் ஒன்றுமில்லை என்று ஆகாது. மூளை அதிர்வு, அதாவது கொன்கஷன், வந்தவர்களில் பெரும்பாலானோர் மயங்குவதே இல்லை. எழும்புவார்கள், நடப்பார்கள், சிரிப்பார்கள், பந்தைக்கூடச் சரியாக அடிப்பார்கள். பல வருடம் பழகிய கால் யோசிக்காமலே வேலை செய்யும், அதைப் பார்த்துவிட்டு "தெளிவாத்தான் நிக்கிறான்" என்று முடிவு கட்டாதீர்கள். 2014 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் ஜேர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் அடிபட்ட பிறகும் பத்து நிமிடத்துக்கு மேல் மைதானத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தார். பிறகு மத்தியஸ்தரிடம் போய், "இதுதான் இறுதிப் போட்டியா?" என்று கேட்டார். மத்தியஸ்தர் அதை ஜேர்மனியின் இன்னொரு வீரரான ஷ்வைன்ஸ்டைகரிடம் சொன்ன பிறகுதான் கிராமரை வெளியே எடுத்தார்கள். அந்த ஆட்டத்தில் பெரும்பகுதி தனக்கு நினைவில்லை என்று அவரே பின்னர் சொன்னார். உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஆட்டத்தில், பக்கத்திலேயே வைத்தியர்கள் இருந்தும் இப்படி நடந்தது. யாழ்ப்பாணத்தில் பாஷையூரிலோ நாவாந்துறையிலோ பின்னேரம் நடக்கும் ஒரு ஆட்டத்தில் யார் கவனிக்கப் போகிறார்கள்?

இன்னொன்று, "சீ.ரி. ஸ்கான் எடுத்தாச்சு, எல்லாம் நோர்மல்." நல்லது, இரத்தக் கசிவும் எலும்பு முறிவும் இல்லை. ஆனால் மூளை அதிர்வு அந்தப் படத்தில் தெரியாது. ஸ்கான் நோர்மல் என்று வந்ததற்காக அடுத்த ஞாயிறு விளையாடலாம் என்று அர்த்தமில்லை.

விரலைக் காட்டி எத்தனை என்று கேட்பதையும் விட்டுவிடுங்கள். பெயர் என்ன என்றும் கேட்க வேண்டாம், அடிபட்டவருக்கும் தன் பெயர் தெரியும். இப்போது எந்த மைதானத்தில் நிற்கிறோம், இது முதல் பாதியா இரண்டாம் பாதியா, கடைசியாக யார் கோல் அடித்தது, போன கிழமை யாரோடு விளையாடினோம், வென்றோமா என்று கேளுங்கள். ஒன்றில் தடுமாறினாலும் அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது. எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டு, தலை சுற்றுகிறது என்று சொன்னாலும் முடிந்ததுதான்.

எங்கள் பெடியள் இரவிரவாக ஐரோப்பிய ஆட்டங்களைப் பார்த்துத்தான் கப்டன் எப்படி இருக்க வேண்டும் என்று பழகுகிறார்கள். 1989இல் சுவீடனுக்கு எதிராக, கட்டுப்போட்ட தலையோடு சட்டை முழுக்க இரத்தமாக நின்ற இங்கிலாந்துக் கப்டன் டெரி புட்சரின் படம் இன்னமும் வீரத்தின் அடையாளமாகச் சுற்றுகிறது. 2014இல் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் உருகுவேயின் அல்வாரோ பெரெய்ரா நினைவிழந்து கிடந்து எழும்பினார். அணி வைத்தியர் மாற்றச் சொல்லியும் மறுத்துவிட்டு உள்ளே ஓடினார். அதையும் கைதட்டிப் பேசுகிறார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பயமாகத்தான் இருக்கிறது, முதல் அடி ஆற முன்னர் தலையில் இன்னொரு அடி விழுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர் எவருக்கும் அப்படித்தான் இருக்கும்.

2021இல் நடந்த யூரோ கிண்ணப் போட்டியில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று மைதானத்தில் சரிந்தபோது டென்மார்க் கப்டன் சிமோன் கியார் செய்ததைப் பாருங்கள். ஓடிவந்து அவரைக் கவனித்தார், கமராக்களுக்குத் தெரியாதபடி சக வீரர்களைச் சுற்றி நிற்கவைத்தார், எரிக்சனின் துணைவியை அணைத்துத் தேற்றினார். ஆட்டம் மறுபடி தொடங்கியபோது இறங்கினார், ஆனால் தொடர முடியாமல் இடையில் வெளியே வந்தார். அவரைக் கோழை என்று யாராவது சொன்னார்களா? அந்த வருடம் ஐரோப்பிய உதைபந்தாட்டச் சம்மேளனமான யூஏஃபாவின் தலைவர் விருது அவருக்கும் டென்மார்க் வைத்தியக் குழுவுக்கும்தான் போனது.

தம்பி, நீ காயத்தோடு விளையாடினால் அது உன்னோடு நிற்காது. உன் அணியில் பதினேழு வயதில் ஒருவன் இருப்பான், அடுத்த முறை தலை சுற்றும்போது உன்னை நினைத்துக்கொண்டு வாயைத் திறக்கமாட்டான். கோச் சொன்னால் தயங்குகிறவன்கூட நீ "வெளியே போ" என்றால் போவான். அந்த மரியாதையை இதற்குப் பயன்படுத்து.

சரி, இனிச் செய்ய வேண்டியது. அசையாமல் கிடப்பவரைக் கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள், கழுத்தும் அடிபட்டிருக்கலாம். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, கழுத்து வலி, வலிப்பு, இரட்டையாகத் தெரிவது, கை கால் பலவீனம், எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், இதில் ஒன்று இருந்தாலும் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள். அன்று இரவு தனியே படுக்க விடவேண்டாம், மதுவும் வேண்டாம். வலிக்கு ஐபூபுரோஃபனோ டைக்ளோஃபினக்கோ வாங்கிப் போடாமல் வைத்தியரைக் கேளுங்கள். ஓரிரு நாள் ஓய்வு, பிறகு நடை, மெல்லிய ஓட்டம், பந்தோடு தனிப் பயிற்சி என்று படிப்படியாக ஏற வேண்டும், ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். அறிகுறி கூடினால் ஒரு படி கீழே. மோதல் உள்ள பயிற்சிக்கு வைத்தியர் சம்மதித்த பிறகுதான். பாடசாலைப் பிள்ளைகளுக்கு இன்னும் அதிக நாள் தேவைப்படும், தயவுசெய்து அவசரப்படுத்த வேண்டாம்.

போட்டி நடத்துகிறவர்களிடமும் ஒரு கேள்வி. மூளை அதிர்வுக்கென்று வழமையான எண்ணிக்கைக்கு மேலதிகமாக ஒருவரை மாற்றலாம் என்று 2024 முதல் ஆட்ட விதிகளிலேயே இடம் இருக்கிறது, எதிரணிக்கும் ஒரு மேலதிக மாற்றம் கிடைக்கும். போட்டி நடத்துகிறவர்கள் விரும்பினால் போதும், அதைச் சேர்க்கலாம். சேர்த்தால் "மாற்ற ஆளில்லை" என்ற சாட்டு போய்விடும். அடுத்த சுற்றுப்போட்டிக்கு விதிகள் எழுதும்போது இதையும் எழுதுவீர்களா?

அடிபட்டவரை வீட்டுக்குத் தன் மோட்டார்சைக்கிளில் தானே ஓடிப்போக மட்டும் விட்டுவிடாதீர்கள். சாவியை கப்டன் வாங்கி வைத்திருங்கள்.