வேகம் சரி, வெளியே தெரிகிறதா? பழைய கேமரோ வாங்கப்போகிறவர்களுக்கு

செவர்லே நிறுவனத்தின் கேமரோ ஸ்போர்ட்ஸ் கார் இனி வராது என்று ஆனதிலிருந்து அதைத் தேடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். 2023 டிசம்பரில் மிச்சிகனில் உள்ள லான்சிங் ஆலையிலிருந்து கடைசி வண்டி இறங்கியது. இப்போது சந்தையில் ஓடுவதெல்லாம் பழைய வண்டிகள். அவற்றில் பெரும்பாலும் 2016 மாடலாகப் புது வடிவில் வந்த ஆறாம் தலைமுறையைத்தான் கேட்கிறார்கள். டெட்ராய்ட் பக்கம் முதல் வேலையில் சேர்ந்து கொஞ்சம் காசு சேர்த்த நம் பிள்ளைகள் பலருக்கு இது நெடுநாள் ஆசை.

நான் கார்களின் உட்புற அமைப்பில் வேலை செய்கிறேன். ஓட்டுகிறவர் எந்த உயரத்தில் உட்காருவார், அவர் கண் எங்கே வரும், அங்கிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு தெரியும் என்று கணக்குப் போடுவதுதான் என் வேலை. அதனால் கேமரோ மாதிரி பெரிய எஞ்சின் கொண்ட மஸில் கார் பற்றி யாராவது யோசனை கேட்டால் குதிரைத்திறனைக் கடைசியில்தான் பேசுவேன். முதலில் கேட்பது, உட்கார்ந்து பார்த்தீர்களா என்பதைத்தான்.

கேமரோ மோசமான கார் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்தாம் தலைமுறை, ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் பெரிய செடான்களுக்காக உருவாக்கிய அடித்தளத்தில் வந்தது. கனமான கார். ஆறாம் தலைமுறைக்கு காடிலாக் ஏடிஎஸ் காரின் ஆல்ஃபா அடித்தளத்தை எடுத்துக்கொண்டார்கள். வெறும் உடற்கூட்டிலேயே 60 கிலோ குறைந்தது. அது முறுக்கைத் தாங்கும் உறுதி 28 சதவீதம் கூடியது. மொத்த எடையில் 90 கிலோவுக்கு மேல் குறைந்தது. எஸ்எஸ் மாடலில் 6.2 லிட்டர் வி8, 455 குதிரைத்திறன். நேர்கோட்டில் சீறினால் போதும் என்றிருந்த ஒரு வகைக் கார், வளைவிலும் ஓட்டுகிறவரின் கைக்கு அடங்கி நடக்கக் கற்றுக்கொண்டது இங்கேதான். மோட்டார் டிரெண்ட் இதழ் 2016-க்கான ஆண்டின் சிறந்த கார் என்று இதைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த வருடம் ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் கேமரோவின் தட வடிவமான இசட்எல்1 1எல்இ ஒரு சுற்றை 7 நிமிடம் 16.04 நொடியில் முடித்தது. இந்தக் காரைச் செய்த பொறியாளர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இத்தனைக்கும் விலை எங்கே கொடுத்தார்கள் என்றால், உள்ளே இருக்கும் மனிதர்களிடமும் அவர்களின் கண்ணிலும்.

நீளம் 2.3 அங்குலம் குறைந்தது, கூரை ஓர் அங்குலம் போலத் தாழ்ந்தது. டிக்கி 320 லிட்டரிலிருந்து 258 லிட்டரானது. அதன் போட்டிக் கார்களில், அதே காலத்து ஃபோர்டு மஸ்டாங்கில் 382 லிட்டர், டாட்ஜ் சேலஞ்சரில் 459. ஆனால் லிட்டர் கணக்கு பாதி உண்மைதான். டிக்கியின் வாயைப் பாருங்கள்: குறுகலாக, உயரத்தில் இருக்கும். பின்பக்கம் பெரிய ஓட்டை விட்டால் உடற்கூடு தளர்ந்துவிடும், அதனால் உறுதி வேண்டும் என்கிற பொறியாளர் எப்போதும் வாயைச் சிறிதாக வைக்கத்தான் பார்ப்பார். ஊருக்குப் போகும்போது எடுத்துப்போகிறோமே, அந்த 23 கிலோ பெட்டி, அதை ஒருமுறை வைத்து எடுத்துப் பாருங்கள். இடம் போதுமா என்பதைவிட வாய்க்குள் நுழைகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

டிக்கியைக்கூட விட்டுவிடலாம். தனியாள் என்றால் ஒரு முதுகுப்பையோடு காலம் ஓட்டலாம். பார்வை விஷயம் அப்படி இல்லை.

எங்கள் வேலையில் எல்லாம் தொடங்குவது எச்-பாயிண்ட் என்று சொல்லும் புள்ளியில். உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு மடங்கும் இடம் அது. அதை வைத்துக் கண்கள் இருக்கக்கூடிய பரப்பைக் குறித்துக்கொள்வோம். குட்டையானவர், நெட்டையானவர் என்று ஏறக்குறைய எல்லாரின் கண்ணும் அந்த முட்டை வடிவப் பரப்புக்குள் வரும். அங்கிருந்து கோடுகள் இழுத்தால் கூரையைத் தாங்கும் எந்தத் தூண் எதை மறைக்கிறது என்று தெரிந்துவிடும். கேமரோவில் எச்-பாயிண்ட் தாழ்வு, கூரை தாழ்வு, பக்க ஜன்னலின் அடிவிளிம்போ உயரம். தோள் வரைக்கும் கதவு ஏறி நிற்கும். கண்ணுக்கு மிஞ்சுவது நடுவில் ஒரு பட்டை. அந்தப் பட்டைதான் காருக்கு வெளியே அத்தனை அழகைக் கொடுக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முன்தூண்களின் கதை வேறு. கார் உருண்டால் கூரை நசுங்கக் கூடாது என்று அமெரிக்க விதி 2009-இல் கடுமையானது. முன்பு வண்டி எடையில் ஒன்றரை மடங்கைக் கூரை தாங்கினால் போதும், இப்போது 3 மடங்கு. தூண்கள் தடித்ததற்கு இது ஒரு காரணம், நல்ல காரணம். ஆனால் தாழ்ந்த கூரையும் சரிந்த முன்கண்ணாடியும் உள்ள காரில் அந்தத் தடித்த தூண் கண்ணுக்கு நேராக வந்து நிற்கிறது. சிக்னலில் இடப்பக்கம் திரும்பும்போது நடந்து கடக்கிறவர் அதன் பின்னால் முழுதாக மறைய முடியும். நீங்கள் திரும்பும் வேகமும் அவர் நடக்கும் வேகமும் ஒத்துப்போனால் பல நொடிகள் அப்படியே மறைந்திருப்பார். பின்புறம் பார்த்தால் இன்னும் மோசம். ஐ-696 நெடுஞ்சாலையிலிருந்து ரேம்ப் வழியாக இறங்க லேன் மாறும்போது தோளுக்கு மேல் திரும்பினால் வலப்பக்கம் தெரிவது பெரும்பாலும் பின்தூணின் துணி உறைதான்.

கேமரா இருக்கிறதே என்பார்கள். ரிவர்ஸ் கேமரா பின்னால் எடுக்கும்போது மட்டும் உதவும். பக்கத்து லேனில் வண்டி வருவதைச் சொல்லும் எச்சரிக்கை விளக்கு எல்லா வேரியன்ட்டிலும் கிடையாது. வாங்கப்போகும் அதே வண்டியில் இருக்கிறதா என்று பக்கக் கண்ணாடியில் பார்த்து உறுதி செய்யுங்கள். என் கருத்து இதுதான்: பார்வையை வசதிகளின் பட்டியலில் சேர்க்கக் கூடாது. 455 குதிரைத்திறனை நம்பிக்கையோடு பயன்படுத்த முதலில் வேண்டியது வெளியே தெரிவது. தெரியாத இடத்துக்குள் வேகமாகப் போகும் திறமை யாருக்கும் கிடையாது.

கொஞ்ச நாள் முன் தெரிந்த தம்பி ஒருவன் ஒரு எஸ்எஸ் பார்க்கக் கூப்பிட்டான். மனைவியும் கைக்குழந்தையும் கூட வந்திருந்தார்கள். அவன் எஞ்சினை முடுக்கிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் குழந்தையின் கார் சீட்டை எடுத்துவந்து பின்னால் பொருத்தப் பார்த்தாள். பின்னோக்கி வைக்கும் சீட் அது. இரண்டே கதவு. முன் சீட்டை மடக்கி, முதுகை வளைத்து உள்ளே நுழைந்து, பெல்ட்டைத் தேடிப் பிடித்து ஒருவழியாக வைத்தாள். அப்புறம் முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளினால் வரவில்லை. குழந்தை சீட் முட்டிக்கொண்டு நின்றது. அவள் முன்னால் உட்கார்ந்தாள், முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது.

"அண்ணா, இப்படி உட்கார்ந்திருக்கும்போது ஏர்பேக் விரிஞ்சா என்னாகும்?" என்றாள்.

நான் சொல்ல நினைத்ததை அவளே கேட்டுவிட்டாள். ஸ்டீயரிங்குக்கும் மார்புக்கும் இடையே 25 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையின் அறிவுரை. பக்கத்து சீட்டில் இருப்பவரும் முடிந்தவரை தள்ளித்தான் உட்கார வேண்டும். விரியும் நேரத்தில் ஏர்பேக்கின் விசை அவ்வளவு. கேமரோவில் பின்சீட்டின் கால் இடம் 29.9 அங்குலம், சேலஞ்சரில் 33.1. காகிதத்தில் மூன்று அங்குலம் ஒன்றுமில்லை போலத் தெரியும். அந்தப் பெண்ணின் முழங்காலுக்கு அதுதான் எல்லாமே. அன்றைக்கு அவர்கள் வாங்கவில்லை.

அதற்காகப் பெரிய கார் என்றால் பத்திரம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2016-இல் கார்களை மோதிச் சோதிக்கும் ஐஐஎச்எஸ் அமைப்பு கேமரோ, மஸ்டாங், சேலஞ்சர் மூன்றையும் மோதிப் பார்த்தது. முன்பக்கத்தின் ஓரம் மட்டும் இடிக்கும் சோதனையில் மிக நன்றாகத் தேறியது கேமரோதான். விசாலமான சேலஞ்சரில் பொம்மை ஓட்டுநரின் கால் நசுங்கிய தகட்டில் மாட்டிக்கொண்டது. போல்ட்டைக் கழற்றிக் காலைப் பிரித்துத்தான் பொம்மையை வெளியே எடுத்தார்கள். கேமரோவுக்குக் கூரை வலுவில் உச்ச மதிப்பெண் கிடைக்கவில்லை. டிக்கி பெரிதா, பின்சீட் தாராளமா என்பது ஒரு கணக்கு, மோதலில் என்ன ஆகும் என்பது தனிக் கணக்கு. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

விற்பனை என்ன சொன்னது? 2014-இல், பழைய வடிவம் ஓய்வுபெறும் தறுவாயில்கூட, அமெரிக்காவில் 86 ஆயிரத்துக்கு மேல் கேமரோ விற்றது. 2022-இல் 25 ஆயிரத்தைத் தொடவில்லை. அதே வருடம் 2008-லிருந்து பெரிதாக மாறாத அடித்தளத்தில் ஓடிய, கனத்த சேலஞ்சர் 55 ஆயிரம் விற்றது. எல்லாவற்றையும் பார்வைக் குறையின் தலையில் கட்ட முடியாது. ஐந்தாம் தலைமுறையிலும் வெளியே சரியாகத் தெரியாது, ஆனாலும் விற்றது. புதியதன் தொடக்க விலை ஏறியது, ஜனங்கள் எஸ்யூவி பக்கம் போனார்கள், நிறுவனமும் பிறகு பெரிதாக எதுவும் செய்யவில்லை. இருந்தாலும் தினமும் வேலைக்குப் போய்வர ஒரே கார் வைத்திருப்பவர் பந்தயத் தடத்தின் நொடிகளுக்காக வாங்குவதில்லை. சேலஞ்சர் வாங்கியவர்களில் பலர் பின்சீட்டில் மனிதர் உட்கார முடிகிறது என்பதற்காகவே வாங்கினார்கள் என்று நம்புகிறேன்.

டாட்ஜ் இப்போது எதிர்ப்பக்கம் போயிருக்கிறது. புதிய சார்ஜர் காரில் பின்கதவு முழுதாக மேலே திறக்கும், பின்சீட் மடங்கும், நான்கு கதவு வடிவமும் உண்டு. பயன்பாட்டில் குறை சொல்ல முடியாத அமைப்பு. ஆனால் அதன் மின்சார ஸ்கேட் பேக் வேரியன்ட்டின் எடை 2,600 கிலோவைத் தாண்டுகிறது. கேமரோ எஸ்எஸ்ஸை விட ஏறக்குறைய ஒரு டன் கூடுதல். டயரும் பிரேக்கும் அந்த எடைக்குத் தகுந்த மாதிரி தேயும். வாங்குகிறவர் கணக்கில் அதுவும் வர வேண்டும்.

சரி, இத்தனையும் கேட்ட பிறகும் கேமரோதான் வேண்டும் என்றால், தாராளமாக வாங்குங்கள். வீட்டில் இன்னொரு கார் இருந்தால் எனக்கு ஆட்சேபம் எதுவுமில்லை. சோதனை ஓட்டத்தைப் பகலில் ஒருமுறையும் இரவில் மழையில் ஒருமுறையும் கேளுங்கள். ஓட்டுநர் சீட்டைத் தலை இடிக்காத அளவுக்கு எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்துங்கள். தாழ்ந்து உட்காருவதில் ஒரு தோரணை இருக்கிறது, ஆனால் ஒவ்வோர் அங்குலமும் பார்வையில் கழியும். சிக்னலில் முதல் வண்டியாக நின்று, குனியாமல் விளக்கு தெரிகிறதா என்று பாருங்கள்.

பின்னால் வருவதைக் காட்டும் பக்கக் கண்ணாடிகளை எல்லாரும் தம் காரின் பக்கவாட்டே தெரியும்படி வைத்திருக்கிறோம். இந்தக் காரில் அது கூடவே கூடாது. தலையை ஓட்டுநர் பக்க ஜன்னலில் ஒட்டும்படி சாய்த்து, இடக் கண்ணாடியில் உங்கள் காரின் ஓரம் இம்மியளவு தெரியும்வரை வெளியே தள்ளுங்கள். வலப்பக்கத்துக்கு, காரின் நடுவுக்குத் தலையைச் சாய்த்து அதே மாதிரி செய்யுங்கள். நேராக உட்கார்ந்தால் சொந்தக் கார் தெரியாது, முதலில் பதற்றமாகத்தான் இருக்கும். கடந்து செல்லும் வண்டி உட்கண்ணாடியிலிருந்து பக்கக் கண்ணாடிக்கும் அங்கிருந்து ஓரக்கண்ணுக்கும் விடுபடாமல் கைமாறுவதை ஒருமுறை பார்த்துவிட்டால் பழைய முறைக்குத் திரும்ப மாட்டீர்கள்.

கடைசியாக டயர். எஸ்எஸ் கோடைக்கால டயரோடு வந்த கார். 5 டிகிரிக்குக் கீழே போனால் அந்த ரப்பருக்குப் பிடிப்பு குறைந்துவிடும், உறைபனிக்கும் கீழே -7 டிகிரியில் ஓட்டினால் டயரின் மேற்பரப்பில் விரிசல் விழவே வாய்ப்பு உண்டு என்று நிறுவனமே எச்சரிக்கிறது. மிச்சிகனில் நவம்பரிலிருந்து அப்படித்தானே? விற்பவர் "டயர் புதுசு" என்றால் எந்த வகை என்று கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதியையும் படியுங்கள்: 2319 என்றிருந்தால் 2019-இன் 23-ஆம் வாரம் செய்தது. குளிர்கால டயர் ஒரு செட்டின் விலையையும் பேரம் பேசும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.