அம்மா வீட்டு டிவி முந்திக்கொள்வது ஏன்?

டொராண்டோவில் காலை பத்து மணி. நம்மூரில் இரவு ஏழரை, ஐபிஎல் ஆட்டம் தொடங்கும் நேரம். மடிக்கணினியில் ஆட்டத்தை ஓடவிட்டு, திருச்சியில் இருக்கும் அம்மாவுக்கு போன் போட்டேன். இரண்டாவது ஓவர். என் திரையில் பவுலர் இன்னும் ஓடிவரவே ஆரம்பிக்கவில்லை. "டேய், போயிடுச்சுடா சிக்ஸு!" என்கிறாள் அம்மா. எனக்கு அந்தப் பந்து பறக்க அரை நிமிடம் ஆனது.

இவ்வளவு தொலைவு வர வேண்டாமா என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கி.மீ. ஓடுகிறது. கடலடிக் கேபிள் 20,000 கி.மீ. சுற்றி வந்தாலும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குதான். பார்க்கப்போனால் அதிகம் அலைவது அம்மா வீட்டு டிஷ்ஷுக்கு வரும் சிக்னல்தான். சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்கு ஏறி, மறுபடி அவ்வளவு தூரம் இறங்குகிறது. அதற்கே கால் நொடி.

நேரம் போவது பொட்டலம் கட்டுவதில். முழு எச்டி படம் ஒன்றில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். ஒவ்வொன்றின் நிறத்துக்கும் 24 பிட் (0 அல்லது 1 என்ற குறி), நொடிக்கு 25 படம் என்று பெருக்கினால் நொடிக்கு 124 கோடி பிட் வருகிறது. பெரும்பாலான வீட்டு இணையம் இதைத் தாங்காது. அதனால் ஒரு படத்தை முழுசாக வைத்துக்கொண்டு, அடுத்த படங்களில் எது மாறியதோ அதை மட்டும் குறித்துக்கொள்கிறார்கள். புல்தரை அப்படியே இருக்கிறது, பந்தும் பேட்டும்தான் நகர்கின்றன. இப்படிச் சுருக்கினால் 50 லட்சம் பிட்டில் நொடி அடங்கிவிடும். இருநூற்றைம்பதில் ஒரு பங்கு!

சுருக்கியதை ஆறாறு நொடித் துண்டுகளாக வெட்டுகிறார்கள். ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த எச்எல்எஸ் என்ற இந்தத் துண்டு முறையில் முதலில் பத்து நொடித் துண்டுதான். ஒரு துண்டு வெட்டி முடிய ஆறு நொடி காத்திருந்துதான் ஆக வேண்டும். நடுவில் இணையம் தடுமாறினால் படம் நின்றுவிடக் கூடாதென்று, என் வீடியோ பிளேயர் மூன்று துண்டுகளைக் கையிருப்பில் வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறது. 18 நொடி அங்கேயே போயிற்று. ஒரே துண்டு பல தரங்களில் தயாராக இருக்கும். இணையம் மந்தமானால் அடுத்த துண்டை மட்டமான தரத்தில் கேட்டு வாங்கும். ஆட்டம் சூடுபிடிக்கும்போது பார்த்து தோனியின் முகம் களிமண் பொம்மைபோலக் கரைவது இதனால்தான்.

டிஷ்ஷுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. வானத்திலிருந்து ஒரே மழை, யார் வீட்டுக் குடம் வேண்டுமானாலும் நிரம்பும். இணையத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். எல்லோரும் இந்தியா வரை ஓடாமலிருக்க, டொராண்டோ பக்கத்திலேயே ஒரு சர்வர் கணினியில் துண்டுகளின் நகல்களை அடுக்கி வைக்கிறார்கள். தெருமுனைக் கடை மாதிரி.

கேட்டு வாங்குவதில் இன்னொரு சிக்கல். கேட்பவர் முகவரி சொல்லியாக வேண்டும். இணையத்தில் முகவரி என்பது ஐபி எண். அந்த எண்கள் நாட்டுவாரியாகத் தொகுதி தொகுதியாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டவை என்பதால், எண்ணைப் பார்த்தே நாட்டைச் சொல்லிவிடலாம். ஒளிபரப்பு உரிமை நாட்டுக்கு நாடு தனித்தனியாக விற்பனையாவதால், 'உங்கள் பகுதியில் கிடைக்காது' என்று கதவு சாத்தப்படும். விபிஎன் போட்டால் இந்திய சர்வர் ஒன்று நமக்காகக் கேட்டு வாங்கித் தரும். ஆனால் அந்த சர்வர்களின் எண்களையும் நிறுவனங்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கின்றன; விதிமீறல் என்று கணக்கையே முடக்கலாம். நான் இங்கே உரிமை பெற்ற சேவைக்குப் பணம் கட்டிவிட்டேன். நிம்மதி.

துண்டை இன்னும் பொடியாக்கித் தாமதத்தைச் சில நொடிகளுக்குக் குறைக்கும் முறையும் வந்துவிட்டது. ஆனால் கையிருப்பு குறைந்தால் படம் அடிக்கடி நிற்கும் அபாயமும் கூடும்.

முன்கூட்டியே சொல்லாதே என்று அம்மாவிடம் கெஞ்சியிருக்கிறேன். இப்போதெல்லாம் சொல்வதில்லை. பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு "சாப்டியாடா?" என்பாள். சென்னை அணிக்கு விக்கெட் போயிற்று என்று அர்த்தம்.