பதினேழு ஊசிகளும் ஓர் உளுந்து வடையும்

“பிணம் கிடந்த இடத்தில் ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றுவிட்டு, ‘கொலைகாரனுக்கு முப்பத்தைந்து வயது, தாயோடு வசிக்கிறான், சரியாகத் தூங்குவதில்லை’ என்கிறார்களே, உண்மையில் அப்படிச் சொல்ல முடியுமா?” தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பார்த்துவிட்டுக் கல்லூரி மாணவி ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்.

சொல்ல முடியும். சொல்வதற்கு என்ன? கிளி எடுத்துத் தரும் சீட்டிலும்தான் நம் கதை அச்சாக இருக்கிறது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் உளவியலாளர் லாரன்ஸ் அலிசனும் அவர் குழுவினரும், குற்றவாளி எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று ஊகித்து எழுதிய ஒரே விவரணையைப் போலீஸ் அதிகாரிகள் உள்ளிட்டோரிடம் கொடுத்தார்கள். ஒரு சாராருக்கு உண்மையில் பிடிபட்டவனின் விவரங்களைக் காட்டினார்கள். மற்றவர்களுக்குக் காட்டியது கற்பனையாகப் புனைந்த ஒருவனின் விவரங்களை. இரு தரப்பிலும் பெரும்பாலோர் “நன்றாகவே பொருந்துகிறது” என்றார்கள்.

தடயங்களை வைத்துக் குற்றவாளியை ஊகிக்கும் நிபுணரை ப்ரொஃபைலர் என்பார்கள். உண்மையான ப்ரொஃபைலரின் நாள் கோப்புகளோடு கழிகிறது. பல ஆண்டுகளாகத் துலங்காத கொலைகள் மேசைக்கு வரும்போது, அவர் முதலில் விடை தேடும் கேள்வி ‘யார்’ என்பதல்ல. இவற்றில் எவையெல்லாம் ஒரே கையின் வேலை என்பதுதான். அந்தக் கணக்கில் ஒன்று தவறாகச் சேர்ந்தால் பின்னால் வரும் எல்லாமே கோணலாகிவிடும். இதற்கு யார்க்‌ஷயர் வழக்கைவிடக் கசப்பான உதாரணம் எனக்குத் தெரியாது.

1975 முதல் 1980 வரை இங்கிலாந்தின் வட பகுதியில் லீட்ஸ், பிராட்ஃபோர்ட், மான்செஸ்டர் முதலிய ஊர்களில் 13 பெண்கள் கொல்லப்பட்டார்கள். லீட்ஸ் காவல் நிலையத்தில் குவிந்த விசாரணைக் குறிப்பு அட்டைகளின் எடை தாங்காமல் தளத்துக்கே முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. 1979-இல் ஒரு ஒலிநாடா வந்தது: “நான்தான் கொலைகாரன்.” மொழியியல் அறிஞர்கள் உச்சரிப்பைக் கேட்டு, பேசியவன் சந்தர்லாந்துப் பகுதிக்காரன் என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. ஆனால் பேசியவன் கொலைகாரன் அல்ல, வேடிக்கைக்குப் போலீஸை அலைக்கழித்தவன். 2005-இல் அவன் போலீஸுக்கு அனுப்பிய பழைய உறையில் இருந்த மரபணு அவனைக் காட்டிக்கொடுத்தபோது, அவன் சந்தர்லாந்துக்காரனாகவேதான் இருந்தான்! அறிவியல் பிசகவில்லை, போலீஸ் அதனிடம் கேட்ட கேள்விதான் பிசகு. அதற்குள், பேச்சில் சந்தர்லாந்து வாடை இல்லாதவர்களெல்லாம் சந்தேகப் பட்டியலிலிருந்து நழுவிப் போயிருந்தார்கள்.

1980 டிசம்பரில், ஆலோசனை சொல்ல வந்த தடயவியலாளர் ஸ்டூவர்ட் கைண்ட் ஒலிநாடாவை ஓரம் வைத்துவிட்டு வரைபடத்தை எடுத்தார். கொலைகளும் கொலை முயற்சிகளுமாக, ஒரே ஆளின் வேலை என்று கொள்ளப்பட்ட 17 தாக்குதல்கள், 17 ஊசிகள். பதினெட்டாவதாக ஓர் ஊசியை எங்கே குத்தினால், அதிலிருந்து மற்ற எல்லா ஊசிகளுக்கும் கட்டும் நூல் மிகக் குறைவாகச் செலவாகும்? பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பின்னிரவில் ஆளைத் தாக்கிவிட்டு நெடுந்தூரம் காரோட்டிச் செல்ல எவனும் விரும்ப மாட்டான். ஆகவே வெகு தொலைவில் நடப்பவை முன்னிரவிலும் வீட்டுப் பக்கம் நடப்பவை நேரம் கழித்தும் இருக்க வேண்டும். இரண்டு கணக்குகளும் பிராட்ஃபோர்ட் பக்கம் கைகாட்டின. மேனிங்ஹாம், ஷிப்லி பகுதியில் தேடுங்கள் என்றார்.

இந்த உள்ளுணர்வுக்குச் சூத்திரம் எழுதியவர் கனடாவின் வான்கூவர் போலீஸ்காரர் கிம் ராஸ்மோ. 1995-இல் இதற்காகவே முனைவர் பட்டம் பெற்றார். எனக்கு மிகப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குற்றவாளியின் வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம், அதற்கு வெளியே இரண்டு, மூன்று, நான்கு கிலோமீட்டர் வட்டங்கள். நடு வட்டத்தின் பரப்பு 1 என்றால் அடுத்தடுத்த வளையங்களின் பரப்பு 3, 5, 7. தொலைவு கூடக் கூட, போகும் ஆசை குறைகிறது. கிலோமீட்டருக்குப் பாதியாக, 16, 8, 4, 2 என்று வைத்துக்கொள்வோம். பெருக்கிப் பாருங்கள்: 16, 24, 20, 14. உச்சம் வீட்டு வாசலில் இல்லை, இரண்டாவது வளையத்தில் இருக்கிறது! அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களே என்ற பயத்தை நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. வெறும் வட்டத்தின் பரப்பே இந்த மாயத்தைச் செய்துவிடுகிறது.

ராஸ்மோ பயத்தையும் சேர்த்தார். வீட்டை ஒட்டிய சிறு பகுதியில் குற்றவாளி அடக்கி வாசிப்பான் என்பது அவர் கருத்து. இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். நமக்கு வீடு தெரியாது, குற்றம் நடந்த இடங்கள்தான் தெரியும். ஆகவே ஒவ்வோர் இடத்தின் மீதும் ஓர் உளுந்து வடையை வையுங்கள். நடுவில் ஓட்டை, சுற்றிலும் தடித்த சதை, விளிம்பு நோக்கிச் சரிவு. வீடு அந்தச் சதையில் எங்காவது இருக்கலாம். ஒரே ஒரு வடை ஒன்றும் சொல்லாது. ஐந்தாறு வடைகளை அவற்றின் இடத்தில் வைத்தால், எங்கே சதை மீது சதை ஏறி மேடு தட்டுகிறதோ அங்கே தேடலைத் தொடங்கலாம். ஓட்டை உண்மையா, முன்னே பார்த்த வளையக் கணக்கின் மாயமா என்று ஆய்வாளர்கள் சச்சரவிடுகிறார்கள். நான் மாயத்தின் பக்கம் சற்றுச் சாய்ந்தவன்.

விடையாக ஒரு முகவரி வராது. வருவது, எந்தத் தெருவில் முதலில் கதவைத் தட்டுவது என்ற வரிசைதான். வேறு ஊரிலிருந்து வந்து கொன்றுவிட்டுப் போகிறவனிடம் இது செல்லாது. 2002-இல் உளவியலாளர் பிரென்ட் ஸ்னூக்கும் மற்றவர்களும் சாதாரண ஆட்களுக்கு இரண்டே இரண்டு எளிய விதிகளைச் சொல்லிக் கொடுத்து, இந்தக் கணக்கைப் போடும் மென்பொருளோடு போட்டிக்கு விட்டபோது, ஏறக்குறைய மென்பொருளுக்கு இணையாகவே அவர்கள் வீட்டைக் கணித்தார்கள். ஆனால் வடைகள் கொலையோடு நிற்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் ஃபால்ஸ் விரிகுடாவில் வெள்ளைச் சுறாக்கள் சீல்களை வேட்டையாடிய இடங்களை ராஸ்மோ இதே முறையில் ஆராய்ந்தார். பெரிய சுறாக்களின் வேட்டை ஓரிடத்தை மையமாகக் கொண்டிருந்தது. சின்னவை கண்டபடி அலைந்தன.

நம் நாட்டில் களவு போனால் வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கப் போகிறவர்களைக் கேலி செய்கிறோம். சந்தேக நபருக்கு மருந்து ஏற்றி உண்மையைக் கறக்கலாம் என்று நம்பிய அதிகாரிகளை யாரும் கேலி செய்யவில்லை. சம்மதமின்றி அதைச் செய்யக் கூடாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. பளபளக்கும் கருவிக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியைப் பழைய வழக்குகளின் இடத்தையும் நேரத்தையும் பிழையில்லாமல் பதியும் எழுத்தர்களுக்குக் கொடுத்தால் தேவலை என்பேன். வடை சுட மாவு வேண்டுமே.

யார்க்‌ஷயரில் கணக்கு பலிக்கும் முன்பே ஆள் அகப்பட்டான். 1981 ஜனவரி 2 இரவு, ஷெஃபீல்டில் போலி நம்பர் பலகை மாட்டிய கார் ஒன்றை ரோந்துப் போலீசார் நிறுத்தினார்கள். சிறுநீர் கழிக்க வேண்டும் என்று சொல்லி, ஓட்டுநர் ஓர் எண்ணெய்த் தொட்டியின் பின்னால் போய் வந்தான். பீட்டர் சட்கிளிஃப், லாரி ஓட்டுநர். ஏற்கெனவே ஒன்பது முறை போலீஸ் விசாரித்து விட்டுவிட்ட ஆள். வீடு பிராட்ஃபோர்டின் ஹீட்டனில், மேனிங்ஹாமுக்கும் ஷிப்லிக்கும் நடுவே. அவனைப் பிடித்த ரோந்துப் போலீசாரில் ஒருவரான சார்ஜென்ட்டுக்கு, மறுநாள் இரவு வேலைக்கு வந்தபோது அந்தத் தொட்டி மனதை உறுத்தியது. திரும்பிப் போய்ப் பார்த்தார். அங்கே ஒரு சுத்தியலும் ஒரு கத்தியும் கிடந்தன.