தாத்தாவின் எலும்பு எங்கே போனது?

கெடா மாநிலத்துப் பீடோங் பக்கத்துத் தோட்டத்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "தோட்டத்தை விற்றுவிட்டதால் எங்கள் இடுகாட்டைத் தோண்டி மாற்றினார்கள். தாத்தா தவறி அறுபது வருடம்கூட ஆகவில்லை. குழியில் துருப்பிடித்த பெட்டி ஆணிகளைத் தவிர ஒன்றும் இல்லை. குவார் கெப்பாவில் மட்டும் 5,000 வருடத்து எலும்புக்கூடு எப்படிக் கிடைத்தது?"

அருமையான கேள்வி. குவார் கெப்பா, பெருநிலத்துப் பினாங்கில், சுங்கை மூடா ஆற்றுக்குத் தெற்கே இருக்கிறது. புதிய கற்கால மக்கள் மட்டிகளைத் தின்று ஓடுகளைக் குவித்தார்கள். அந்த ஓட்டு மேட்டிலேயே இறந்தவர்களையும் புதைத்தார்கள். 1860-களில் ஜார்ஜ் வின்ட்சர் ஏர்ல் இந்த மேடுகளைப் பற்றி எழுதினார். 1934-இல் டச்சு ஆய்வாளர் வான் ஸ்டைன் காலன்ஃபெல்ஸ் தோண்டினார். கிடைத்த எலும்புக்கூடுகள் நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போய்விட்டன. 2017-இல் குவார் கெப்பாவிலேயே காட்சிக்கூடம் அமைக்கும் வேலை நடந்தபோது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழுவுக்கு இன்னொரு எலும்புக்கூடு கிடைத்தது. 'பினாங்குப் பெண்' என்று பெயர் வைத்தார்கள்.

சரி, எலும்புக்கு வருவோம். எலும்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கால்சியம் பாஸ்பேட் சேர்ந்த தாது. மீதி பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். நம் ஊர் மழை வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும். அத்தனை தண்ணீரும் மண்ணிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அரித்துக்கொண்டு போக, இரும்பும் அலுமினியமும் தங்கிய செம்மண்தான் மிஞ்சுகிறது. அதன் பிஎச் அளவு 4, 5 என்றுதான் இருக்கும். பிஎச் ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். பால்மரத்துக்கு இந்தப் புளித்த மண் ஒத்துப்போகும், எலும்புக்கு ஒத்துப்போகாது. தாது கரைந்ததும் கொலாஜன் கிருமிகளுக்குத் தீனியாகிவிடும். தாது இருக்கிறவரை எலும்பின் துளைகள் மிகச் சிறியவை. கிருமிகளின் நொதிகள் உள்ளே நுழைய முடியாது. அதாவது, கதவு திறப்பது அமிலம்தான்.

மட்டி ஓட்டு மேட்டில் என்ன நடக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஓடு என்பது கால்சியம் கார்பனேட். புளித்த மழைநீர் மேலிருந்து இறங்கும்போது ஆயிரக்கணக்கான ஓடுகளைத் தொட்டுத்தான் எலும்பை அடைய முடியும். வழியிலேயே அமிலத்தை ஓடு வாங்கிக்கொண்டு, தானும் கொஞ்சம் கரைகிறது. அதனால் வந்து சேரும் தண்ணீரில் புளிப்பும் இல்லை, கால்சியமும் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. சீனி நிறைந்துபோன தேத்தண்ணியில் இன்னும் சீனி போட்டால் அடியில் தங்கிவிடுகிற மாதிரி, எலும்பின் கால்சியம் அந்தத் தண்ணீரில் எளிதில் கரையாது. ஓடு தன்னைக் கொடுத்து எலும்பைக் காக்கிறது. யாரும் திட்டமிட்டதில்லை, சாப்பிட்டுப் போட்ட குப்பை அது!

வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு கிளாஸில் வினிகர் ஊற்றி ஒவ்வொன்றிலும் ஒரு கோழி எலும்பு போடுங்கள். ஒன்றில் மட்டும் மட்டி ஓட்டையோ முட்டை ஓட்டையோ நன்றாகப் பொடித்து, நுரை அடங்கும்வரை தாராளமாகச் சேர்க்க வேண்டும். சில நாள் கழித்து எடுத்தால், வெறும் வினிகரில் கிடந்தது ரப்பர் போல வளையும். மற்றது கெட்டியாகவே இருக்கும்.

பேராக்கின் லெங்கோங்கில் 1991-இல் கண்டெடுத்த 'பேராக் மனிதன்' 10,000 வருடத்துக்கும் பழையவர். அவரும் சுண்ணாம்புக்கல் (அதுவும் கால்சியம் கார்பனேட்தான்) குகையில், ஆற்று நத்தை ஓடுகளுக்கு நடுவே புதைக்கப்பட்டவர்தான்.

வாசகிக்கு நேரடிப் பதில்: தாத்தாவின் எலும்பு கரைந்து செம்மண்ணோடு போய்விட்டது. எலும்பு மிஞ்சினால் ஆவி சாந்தியடையவில்லை, மிஞ்சாவிட்டால் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று இடுகாட்டுப் பக்கம் பேசிக்கொள்வதுண்டு. இரண்டும் மண்ணின் பிஎச்சைத் தாண்டி வேறில்லை. இன்னும் மாற்றப்போகிற குடும்பங்கள் தலைப்பக்கத்து மண்ணைச் சலித்துப் பாருங்கள். பல்லின் எனாமலில் தாது 96 விழுக்காடு, அதனால் கடைசியாகக் கரைவது அதுதான்.

குவார் கெப்பாவுக்குப் போகிறவர்கள் வடக்கே வந்து மெர்போக்கில் லெம்பா பூஜாங் அருங்காட்சியகத்தையும், குனோங் ஜெராய் அடிவாரத்துப் புக்கிட் பத்து பஹாட் சண்டி என்ற பழங்காலக் கோயிலையும் பார்த்துவிடுங்கள். அங்கே நம் கண்ணுக்குப் படுவது பெரும்பாலும் கல்லும் செங்கல்லும்தான். அதையும் விட்டுவைக்கவில்லை: 2013-இல் சுங்கை பத்து பகுதியில் 11-ஆம் எண் சண்டியை வீடமைப்பு வேலைக்காக இடித்துத் தள்ளினார்கள். தோட்டம் கைமாறும்போது நில அளவையாளர் வருகிறார், பொறியாளர் வருகிறார். மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு தொல்லியல் மாணவரும் மண் துளைக்கும் கருவியும் வர எவ்வளவு செலவாகிவிடும்? தோட்டத்து விலையில் ஒரு துளிகூட ஆகாது என்பது என் கணக்கு.