உரிமை இல்லாத சொந்தக்காரன்

வேலூரைப் பற்றி ஒரு பழைய நக்கல் உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அதிகாரம் இல்லாத போலீஸ். பட்டியல் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். இதில் சாமி விஷயம் 1981-இல் தீர்ந்துவிட்டது; சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பியது. போன வாரம் அதே சத்துவாச்சாரியில், அக்கா வீட்டில், காலியான அந்த இடத்துக்கு ஓர் ஆள் கிடைத்தான்: உரிமை இல்லாத சொந்தக்காரன்.

அக்கா மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். லேப்டாப்பில் விண்டோஸ், அதற்குள் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி) வழியாக உபுண்டு என்ற லினக்ஸ். ப்ராஜெக்ட் சர்வருக்குள், தூரத்துக் கம்ப்யூட்டரில் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் மூலம் போக ஒரு சாவி ஃபைல் கொடுத்திருக்கிறார்கள். விண்டோஸின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடந்த அதைக் காட்டியதும் எஸ்எஸ்எச் மறுத்துவிட்டது: 'பர்மிஷன்ஸ் 0777... டூ ஓப்பன்'. ஊரே எடுக்கும்படி கிடக்கிற சாவியை நான் தொட மாட்டேன் என்று அர்த்தம். பையன் அனுமதியை மாற்றும் கட்டளையான 'சிஎச்மாட்'டை '600' போட்டு அடித்தான். எரர் எதுவும் வரவில்லை. ஃபைல் விவரத்தைக் காட்டும் 'எல்எஸ் -எல்' போட்டுப் பார்த்தால் சொந்தக்காரர் இடத்தில் அவன் பெயர், அனுமதி இடத்தில் அதே 777-க்கு உரிய எழுத்துகள்.

"இன்னா மாமா இது? பூட்டுனா பூட்டிக்க மாட்டேங்குது!"

லினக்ஸ் பின்பற்றுவது யூனிக்ஸின் பூட்டை; அது மிகச் சின்னது. 1970-களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் உருவான ஏற்பாடு. ஒரு ஃபைலுக்கு ஒன்பதே பிட், அதாவது ஒன்பது ஆம்-இல்லை குறிகள். சொந்தக்காரர், அவருடைய குழு, மற்ற எல்லாரும் என்று மூன்று தரப்பு. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று ஒவ்வொரு தரப்புக்கும் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். 600 என்றால் சொந்தக்காரர் படிக்கலாம், எழுதலாம். வேறு யாருக்கும் ஒன்றும் கிடையாது. ஃபோல்டருக்கு மட்டும் அந்த 1-க்குப் பொருள் வேறு: உள்ளே நுழைந்து போகும் உரிமை. ஃபைலின் அனுமதி எவ்வளவு சரியாக இருந்தாலும், மேலே இருக்கும் ஃபோல்டர் ஒன்றில் அந்த 1 இல்லாவிட்டால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

விண்டோஸ் வேறு மாதிரி. 1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ், ஒவ்வொரு ஃபைலோடும் யார் என்ன செய்யலாம் என்ற ஒரு பட்டியலையே (ஏசிஎல்) வைத்திருக்கிறது. கல்யாண மண்டப வாசலில் நோட்டோடு ஒருவர் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பெரியப்பா வீட்டார் எல்லாரையும் விடலாம். ஆனால் அந்த வீட்டுச் சின்ன மருமகனை விடக்கூடாது. ஒன்பது பிட்டில் இப்படியெல்லாம் எழுத முடியாது. நோட்டில் வரிசையும் முக்கியம்: மறுப்பு வரி பொதுவாக அனுமதி வரிக்கு முன்னால் வரவேண்டும். இது போதாதென்று, மேல் ஃபோல்டரின் வரிகள் வாரிசு உரிமைபோலக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஆக, விண்டோஸ் டிரைவில் நின்று 'எல்எஸ்' காட்டும் அனுமதி ஒரு மொழிபெயர்ப்புதான். நிஜப் பூட்டு அந்த நோட்டில் இருக்கிறது. டபிள்யூஎஸ்எல்லைப் பொறுத்தவரை சி டிரைவில் ஒன்பது பிட்டை எழுதிவைக்க இயல்பாக இடம் கிடையாது. அதனால் உங்களால் தொட முடிந்ததற்கெல்லாம் 777 என்று ஒப்புக்குச் சொல்லிவிடுகிறது. 'சிஎச்மாட்' செய்தாலும் பதியாது. விண்டோஸ் டிரைவ்களை லினக்ஸோடு இணைக்கும் ஆட்டோமவுன்ட் செட்டிங்கில் 'மெட்டாடேட்டா' என்று சேர்த்து டபிள்யூஎஸ்எல்லை முழுதாக நிறுத்தித் தொடங்கினால், அந்தப் பிட்டுகளை ஃபைலோடு ஓர் ஒட்டுச்சீட்டாகச் சேர்த்துவைக்கும். அப்போதும் விண்டோஸின் நோட்டில் ஒரு வரியும் மாறாது.

நாங்கள் செட்டிங் பக்கமே போகவில்லை. சாவியை உபுண்டுவின் ஹோம் ஃபோல்டருக்குள் காப்பி செய்து, அங்கே 600 போட்டோம். அது முழுக்க லினக்ஸின் சொந்த இடம்; பூட்டு பூட்டிக்கொண்டது.

விண்டோஸில் யூனிக்ஸ் கட்டளைகளை ஓட்டும் சிக்வின் என்ற பழைய கருவி இதற்கு நேர் எதிர். நீங்கள் 'சிஎச்மாட்' செய்தால் ஒன்பது பிட்டையும் நிஜமாகவே விண்டோஸ் நோட்டில் வரிகளாக எழுதிவிடும். சில சேர்க்கைகளைச் சொல்ல மறுப்பு வரியை வழக்கமில்லாத இடத்தில் செருக வேண்டி வரும். அப்புறம் எக்ஸ்ப்ளோரரில் அந்த ஃபைலின் செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்தால், வரிசை தப்பாக இருக்கிறது, அடுக்கித் தரட்டுமா என்று கேட்கும். சரி என்று அழுத்தினால் அர்த்தமே மாறிப்போகலாம். இரண்டு பக்கமும் புழங்கும் ஃபோல்டருக்கு, சிக்வினின் எஃப்எஸ்டேப் என்ற செட்டிங் ஃபைலில் 'நோஏசிஎல்' என்று போட்டு அதன் கையைக் கட்டிவிடுவதே மேல் என்பேன். ஏற்கெனவே குழம்பிப்போன ஃபோல்டருக்கு விண்டோஸின் 'ஐகேக்ல்ஸ்' கட்டளையை 'ரீசெட்' போட்டு ஓட்டினால், மேலிருந்து வரும் வரிகள் மட்டும் மிஞ்சும்.

'பர்மிஷன் டினைடு' என்பதை எப்போதும் அப்படியே நம்பவும் கூடாது. யூனிக்ஸில் திறந்திருக்கும் ஃபைலையும் அழிக்கலாம். பெயர் போய்விடும், கடைசி ஆள் மூடும்வரை உள்ளடக்கம் இருக்கும். விண்டோஸில் எக்ஸெல் பிடித்துவைத்திருக்கும் ஃபைலை அழிக்கப் போனால், பல கருவிகள் அதையும் அனுமதிப் பிரச்சினை என்றே சொல்லும். எக்ஸெல்லை மூடினால் போதும்.

எதற்கெடுத்தாலும் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். அப்படி உருவாகும் ஃபைல்களுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவே சொந்தக்காரர் ஆகிவிடும். நாளைக்குச் சாதாரண விண்டோவில் அதே ஃபைலோடு மல்லுக்கட்ட நேரும்.

பையன் சர்வருக்குள் நுழைந்துவிட்டான். அக்கா காபி கொண்டுவந்து வைப்பதற்குள் மறுபடி குரல்: "மாமா, இங்கியும் டினைடுன்னுதான் வருது!" பார்த்தேன். ப்ராஜெக்ட் ஃபோல்டரில் எழுதும் உரிமை ஒரு குழுவுக்கு மட்டும். யார் எந்தக் குழுவில் என்று காட்டும் 'ஐடி' கட்டளையை அடித்தால் அந்தக் குழுவில் இவன் இல்லை. இது நிஜப் பூட்டு, வாத்தியாரைத்தான் கேட்கணும்.