ஈரக்காற்றில் கைத்தாள்: நினைவேட்டுப் பக்கம் ஏன் நெளிகிறது?

தாள் ஒருபோதும் முழுக்க உலர்ந்திருப்பதில்லை. கையில் எடுக்கும்போது எவ்வளவு மொடமொடப்பாகத் தோன்றினாலும், அதன் நார்களுக்குள் ஓரளவு நீர் எப்போதும் தங்கியிருக்கும். சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் ஏறினால் அந்த நீர் கூடும், இறங்கினால் குறையும். ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காடாக இருக்கும் அறையில் சாதாரணத் தாள் தன் எடையில் ஏறத்தாழ 6 முதல் 7 விழுக்காடு நீரை வைத்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை எட்டும்போது அது 10 விழுக்காட்டை நெருங்கிவிடும். காகித ஆய்வுக்கூடங்கள் தாளைச் சோதிப்பதற்கென வகுத்துக்கொண்ட பொது அளவு 23 பாகை செல்சியஸ் வெப்பமும் 50 விழுக்காட்டு ஈரப்பதமும் ஆகும். மலேசியாவின் பினாங்கிலோ ஆண்டு முழுவதும் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. மழை ஓய்ந்த இரவுகளில் 90ஐயும் தாண்டும். குளிர்ந்த, உலர்ந்த நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட செய்முறைகளை எழுத்துக்கு எழுத்து பின்பற்றிய பிறகும் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் வீடுகளில், படங்களையும் நினைவுப்பொருள்களையும் கைத்தாளில் ஒட்டி ஆசையாகச் செய்த நினைவேட்டின் பக்கங்கள் அப்பளம்போல் நெளிந்துவிடுவதற்கு, செய்தவரின் கைத்திறன் குறைவு காரணமன்று.

கைத்தாள் எப்படி உருவாகிறது என்பதைப் பார்த்தால் மற்றவை எளிதில் விளங்கும். நீரில் கரைத்த நார்க்கூழுக்குள் சல்லடை பொருத்திய சட்டத்தை இறக்கித் தூக்கும்போது, நீர் வடிந்து நார்கள் தாறுமாறாக ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. உலர உலர, அடுத்தடுத்த நார்களின் செல்லுலோஸ் மூலக்கூறுகளுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் உருவாகின்றன. தாளைத் தாளாகப் பிடித்து வைத்திருப்பவை பெரும்பாலும் இவைதாம். ஆலையில் செய்யும் தாளில் ஓடும் சல்லடையின் திசையிலேயே நார்கள் வரிசைகட்டி நிற்பதால், நனைந்தால் அது ஒரு பக்கமாக மட்டும் மிகுதியாக விரியும். கைத்தாளில் அத்தகைய திசை அநேகமாக இல்லை. ஒரு நார் முழுக்க நனையும்போது நீளவாக்கில் ஏறத்தாழ ஒரு விழுக்காடே நீள்கிறது. குறுக்குவாக்கிலோ 20 முதல் 30 விழுக்காடு வரை பருக்கிறது. திசையற்ற தாளில் இந்தப் பருமன் எல்லாப் பக்கமும் பகிரப்படுவதால், கைத்தாள் குழாய்போல் சுருளாமல், ஆங்காங்கே குமிழ்விட்டு மேடுபள்ளமாகிறது.

நமக்குக் கிடைக்கும் கைத்தாள்களில் இரண்டு வகை குறிப்பிடத்தக்கவை. ஒன்று, வட தாய்லாந்தில் காகித மல்பெரி மரத்தின் பட்டையிலிருந்து செய்யப்படும் ‘சா’ தாள். மற்றொன்று, பருத்தித் துணித் துண்டுகளிலிருந்து இந்தியாவில் செய்யப்படும் கனத்த தாள். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் பட்டறை 1959 முதல் இத்தகைய தாள்களைச் செய்து வருகிறது. மரக்கூழ் நார்கள் பொதுவாக 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளமே இருக்க, மல்பெரிப் பட்டை நார்கள் 10 மில்லிமீட்டர் வரை நீள்கின்றன. இந்த வேறுபாட்டை, ஓரங்களை நீர்கொண்டு கிழிக்கும் உத்தியில் கண்ணாலேயே காணலாம்.

கத்தரியால் வெட்டாமல், பஞ்சிழைபோன்ற ஓரம் வரும்படி தாளைக் கிழிப்பது நினைவேட்டுக் கலையின் அழகான உத்திகளுள் ஒன்று. மெல்லிய தூரிகையைத் தண்ணீரில் தோய்த்து, வேண்டிய வடிவத்தில் தாளின்மேல் கோடு இழுத்து, நீர் உட்புகும் வரை அரை நிமிடம் பொறுத்து, கோட்டின் இருபுறமும் விரல்களை வைத்து மெல்ல விலக்க வேண்டும். கோடு போட்ட இடம் சற்றே கருத்து, கண்ணாடித்தன்மை பெறும். அதுவே நீர் உள்ளிறங்கியதற்கு அடையாளம். அங்கே நீர் மூலக்கூறுகள் நார்களுக்கிடையே நுழைந்து, நாரோடு நார் கொண்ட பிணைப்பைத் தாமே பற்றிக்கொள்கின்றன. பூச்சு எதுவும் இல்லாத தாள் நன்றாக நனைந்தால் அதன் உலர்வலிமையில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஆனால் தனித்தனி நார்கள் வலிமை இழப்பதில்லை. எனவே இழுக்கும்போது அவை அறுபடாமல், ஒன்றிலிருந்து ஒன்று உருவி வெளிவருகின்றன. நீண்ட நார்கொண்ட சா தாளில் இந்த ஓரம் வெண்பஞ்சுபோல் விரிந்து நிற்கும். குட்டை நார்த் தாளில் வெறும் கிழிசலாகவே தெரியும். கிழித்த ஓரத்தை ஈரமாகவே வேறொரு தாளின்மேல் வைத்து அழுத்தி உலரவிட்டால், பசையே இல்லாமல் ஓரளவு ஒட்டிக்கொள்வதையும் காணலாம், ஏனெனில் கலைந்த பிணைப்புகள் உலரும்போது புதிய இடத்தில் மீண்டும் உருவாகின்றன.

எழுத்து எழுதுவதும் முத்திரை பதிப்பதும் இதே நீரின் கதைதான். நார்களுக்கிடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகள் மையைப் புழைகள்போல் உறிஞ்சுகின்றன. மை பரவும் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்திற்கேற்ப அமையும் என்பதை 1918இல் லூக்காஸ், 1921இல் வாஷ்பர்ன் என்னும் அறிவியலாளர்கள் விளக்கினார்கள். முதல் நொடியில்தான் பரவல் வேகமாக இருக்கும் என்பதே இதன் பொருள். எழுதிய பிறகு ஒற்றியெடுப்பதால் அதிகப் பயன் விளையாது. பரவலைத் தடுக்க வேண்டுமானால் தாளின்மேல் முன்கூட்டியே மெல்லிய ஜெலட்டின் பூச்சு இட்டு உலர்த்த வேண்டும், அல்லது கெட்டியான நிறமித் துகள்கொண்ட மையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாய மை நீரில் கரைந்த மூலக்கூறுகளாக நாருக்குள் ஊறிப்போகும்; நிறமி மையின் துகள்களோ மேற்பரப்பிலேயே சிக்கி நிற்கும். வெயிலில் வெளுக்காமல் நீண்ட காலம் தாங்குவதும் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

ஒட்டும் வேலைதான் பெரும்பாலான பக்கங்களைக் கெடுக்கிறது. வெள்ளைக் கோந்து எனப்படும் பாலிவினைல் அசிட்டேட் பசையில் ஏறத்தாழப் பாதி நீரே உள்ளது. வண்ணத்தாள் ஒன்றின் பின்புறம் முழுக்க அதைத் தடவினால், அந்தத் தாள் நீரை உறிஞ்சி விரிகிறது. விரிந்த நிலையிலேயே உலர்ந்த அடிப்பக்கத்தின்மேல் அதை ஒட்டிவிடுகிறோம். பிறகு நீர் வெளியேறும்போது அது சுருங்க முயல்கிறது. அடிப்பக்கமோ அவ்வளவு விரியவுமில்லை, எனவே அவ்வளவு சுருங்கப்போவதுமில்லை. பிணைந்த இரு அடுக்குகளும் வெவ்வேறு அளவில் மாறும்போது முழுப் பக்கமும் அதிகம் சுருங்கும் பக்கமாக வளைகிறது. இரட்டை உலோகப் பட்டைகள் வெப்பத்தில் வளைவதைப் பற்றித் பொறியியலாளர் திமொசென்கோ 1925இல் வகுத்த சூத்திரம் இங்கும் பொருந்தும்: அடுக்குகளின் விரிவு வேறுபாடு கூடக் கூட வளைவு கூடும், மொத்தத் தடிமன் கூடக் கூட வளைவு குறையும்.

இந்த ஒரு சூத்திரத்திலிருந்தே நான்கைந்து செய்முறைகள் தாமாகக் கிடைக்கின்றன. அடிப்பக்கத்திற்குக் கனத்த பருத்தித் தாளைத் தேர்ந்தெடுப்பது தடிமனைக் கூட்டுகிறது. பசையைப் பரப்பாமல் மேல் ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடாக இடுவது, மேல்தாள் தன் விருப்பம்போல் விரிந்து சுருங்க இடம் விடுகிறது. முழுப் பரப்பையும் ஒட்டியே தீரவேண்டுமென்றால், பக்கத்தின் மறுபுறத்திலும் அதே அளவில் ஒரு தாளை ஒட்டி, இழுவையை இழுவையால் சமன்செய்யலாம். புத்தகம் கட்டுவோர் அட்டைகளுக்கு இதைத்தான் செய்கிறார்கள். ஒட்டிய பக்கத்தை மையொற்றுத் தாள்களுக்கிடையே வைத்து, மேலே கனத்த நூல்களை அடுக்கி, நிதானமாக உலரவிடுவதும் கைகொடுக்கும். மின்விசிறிக்கு அடியில் விரித்து அவசரமாகக் காயவைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான வழி என்பது என் கருத்து, ஏனெனில் காற்றுப்படும் முகம் மட்டும் முந்திச் சுருங்கிவிடுகிறது.

நீரே இல்லாத இருபக்க டேப் இதற்கு மாற்றாகத் தோன்றலாம். நெளிவைப் பொறுத்தவரை அது உண்மையே. ஆனால் டேப்பின் பசை உலர்வதே இல்லை. அழுத்தம் கொடுத்ததும் நார்களுக்கிடையே மெல்லப் பாய்ந்து பற்றும் கெட்டியான திரவமாகவே அது எப்போதும் இருக்கிறது. ரப்பர் சார்ந்த பசையாக இருந்தால் காலப்போக்கில் ஆக்சிஜனோடு வினைபுரிந்து, மஞ்சளாகிப் பிசுபிசுத்து, தாளின் மறுபக்கம் வரை ஊறும். 1950களில் சாக்கடல் சுருள்கள் எனப்படும் பழங்காலக் கையெழுத்துச் சுவடிகளின் துண்டுகளை ஒட்டும் நாடாவால் இணைத்ததால் ஏற்பட்ட கறைகளை அகற்ற, பாதுகாப்பு வல்லுநர்கள் பிறகு பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. அக்ரிலிக் பசைகொண்ட டேப் இவ்வளவு கெடுதல் செய்வதில்லை.

நிழற்படங்களுக்கு நான் எந்தப் பசையையும் பரிந்துரைக்கமாட்டேன். நாம் இன்று அச்சிட்டு வாங்கும் வண்ணப்படங்களின் தாள் இருபுறமும் பாலிஎத்திலீன் பூசப்பட்டது; அது நீரை உறிஞ்சாது, விரியவும் விரியாது. கைத்தாளோ நாளும் பொழுதும் விரிந்து சுருங்கும். இரண்டையும் இறுக ஒட்டினால் பக்கம்தான் நெளியும். முக்கோண வடிவ மூலைப்பைகளில் படத்தின் நான்கு முனைகளையும் செருகிவிட்டால், படம் தன் இடத்தில் நிற்கும், பக்கம் அதன் அடியில் நகர்ந்துகொள்ளும். பழைய கறுப்புத்தாள் ஆல்பங்களில் தாத்தா பாட்டியின் படங்கள் இன்றும் தட்டையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்குப் பின் வந்த, ஒட்டும் கோடுகளும் பிளாஸ்டிக் உறையும் கொண்ட ஆல்பங்கள் பல வீடுகளில் படங்களை விழுங்கிவிட்டன, அவற்றில் பி.வி.சி. உறை இருந்தால் அது சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளிவிடும். ஒரு தாளோ பசையோ படத்திற்குத் தீங்கு செய்யுமா என்பதைக் கண்டறியத் தனிச் சோதனையே உண்டு: ஐஎஸ்ஓ என்னும் பன்னாட்டுத் தர அமைப்பின் 18916ஆம் தரத்தின்படி, சோதிக்கும் பொருளை வெள்ளிப் படலத்தோடு சேர்த்து 70 பாகை வெப்பத்திலும் 86 விழுக்காட்டு ஈரப்பதத்திலும் 15 நாட்கள் அடைத்து வைத்து நிறமாற்றத்தை அளக்கிறார்கள்.

நம் வீட்டு நினைவேடுகளில் தவறாமல் இடம்பெறும் திருமண அழைப்பிதழ் ஒரு வேதியியல் பாடமாகவே அமைந்துவிடுகிறது. அதன் நான்கு மூலைகளிலும் தடவிய மஞ்சளில் உள்ள குர்குமின், நடுநிலையிலும் அமிலத்திலும் மஞ்சளாக இருக்கும். காரம் பட்டால் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்யும் பழைய முறைக்கு அடிப்படையும் இதுவே. நெடுநாள் நிலைக்கவேண்டிய தாள்களில், காலப்போக்கில் உருவாகும் அமிலத்தை முறிப்பதற்காகக் கால்சியம் கார்பனேட்டைக் கலந்திருப்பார்கள். ஐஎஸ்ஓ 9706 தரம் கோருவது குறைந்தது 2 விழுக்காடு. அத்தகைய தாளில் ஈரப்பசைகொண்டு அழைப்பிதழை ஒட்டினால், மஞ்சள் பட்ட மூலைகளில் செம்மை ஏறக்கூடும். அதுமட்டுமன்றி, குர்குமின் வெளிச்சத்தில் விரைவாக வெளுக்கும் நிறமி. அழைப்பிதழை மூலைப்பையில் செருகி, மூடிய ஏட்டில் வைப்பதே அதற்கு ஏற்றது.

பூக்களின் நிறமும் இவ்வாறே தாளின் குணத்தைக் காட்டிக்கொடுக்கும். பினாங்கு நோன்யா பலகாரங்களுக்கு நீலம் தரும் சங்குப்பூவில் இருப்பது ஆந்தோசயனின். அமிலத்தில் ஊதாவாகி இளஞ்சிவப்பை நோக்கியும், காரத்தில் பச்சையை நோக்கியும் நகரும். செம்பருத்தியிலும் இதே வகை நிறமிதான். காகிதப்பூவின் நிறம் பீட்டாலைன் என்னும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டும் ஒரே செடியில் சேர்ந்து இருப்பதில்லை என்பது தாவரவியலின் விந்தைகளுள் ஒன்று. உலர்த்துவதற்குக் காகிதப்பூவே சிறந்தது. அதன் வண்ண இலைகள் மெல்லியவை, உள்ளே நீர் குறைவு. மல்லிகை ஏமாற்றிவிடும். செல்கள் உடைந்ததும் அதிலுள்ள பீனால் சேர்மங்கள் நொதிகளால் ஆக்சிஜனேற்றம் பெற்று, வெண்மை பழுப்பாகிவிடுகிறது. நம் காற்றில் பூவைப் புத்தகத்திற்குள் வைத்து மறந்துவிட்டால் உலர்வதற்குள் பூஞ்சை முந்திக்கொள்ளும் என்பதால், மையொற்றுத் தாளை நாள்தோறும் மாற்ற வேண்டும்.

ஜரிகை, சமிக்கி, இரும்பு ஊசி போன்றவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை: இரும்பு துருப்பிடித்துச் சுற்றிலும் தாளை அரிக்கும், எனவே அதைத் தவிர்க்கலாம். அழுத்திப் புடைக்கவைக்கும் உத்திக்கு மட்டும் நம் ஈரக்காற்று முதலில் உதவி, பிறகு வஞ்சிக்கிறது. நீர் நார்களை நெகிழச் செய்வதால் அச்சு எளிதில் பதியும். அதே நெகிழ்வால், உலராமல் எடுத்து வைத்த புடைப்பு சில மாதங்களில் தணிந்துவிடும். அச்சுக்குள் இருக்கும்போதே முழுவதும் உலரவைப்பது இன்றியமையாதது.

முடித்த ஏட்டை எங்கே வைப்பது என்பதும் செய்முறையின் பகுதியே. ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை வித்துகள் முளைக்கத் தொடங்கும். மைதாப் பசை தடவிய இடங்களை இராமபாணப் பூச்சி தேடி வரும். பூச்சிக்காகப் பசையில் மயில்துத்தம் (செம்பு சல்பேட்டு) கலக்கும் பழைய வழக்கம் உண்டு, ஆனால் செம்பு அயனிகள் செல்லுலோஸின் சிதைவைத் தூண்டுவதால் நினைவேட்டிற்கு அது ஆகாது. இரவில் குளிர்சாதனம் ஓடி, பகலில் அணைக்கப்படும் படுக்கையறையில் தாள் நாள்தோறும் ஒரு முறை சுருங்கி விரிகிறது. அங்கே திறந்த அலமாரியில் வைப்பதைவிட, ரப்பர் விளிம்புள்ள மூடியிட்ட பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பது நல்லது. நிறம் காட்டும் ஆரஞ்சு வகை மணிகள் பச்சையாக மாறிவிட்டால் அவை நிறைந்துவிட்டன என்று பொருள். ஏறத்தாழ 110 பாகை வெப்பத்தில் ஓரிரு மணிநேரம் சுடவைத்து, ஆறிய பிறகு மீண்டும் பெட்டிக்குள் போடலாம்.