அஞ்சறைப் பெட்டியில் ஆங்கிலச் சொற்கள்

காரைக்குடியில் பழைய நகரத்தார் வீடொன்றின் முகப்பைக் கடந்து வளவுக்குள் நுழைந்தால், வானம் பார்த்த முற்றமும் அதன் நாற்புறமும் தூண்கள் நிற்கும் சுற்றும் கண்ணில் படும். இப்படித் தூண் வரிசை சூழ்ந்த முற்றத்துக்கு ஆங்கிலத்தில் 'பெரிஸ்டைல்' என்று பெயர். கிரேக்கத்தில் 'பெரி' என்றால் சுற்றி. 'ஸ்டைலோஸ்' என்றால் தூண். அகராதியில் இதைப் படித்தபோது எளிதாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வாரம் கழித்துச் சொல்ல முயன்றபோது வாயில் வரவில்லை.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. புழக்கத்தில் உள்ள சொல் பேச்சிலும் நாளிதழிலும் தானாகவே திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது. அரிய சொல்லோ ஒருமுறை எதிர்ப்பட்டால் மறுபடி வர ஓராண்டுகூட ஆகலாம். ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறந்தபின் மீண்டும் கற்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குப் பின் மிச்சம் சுமார் 44 விழுக்காடு, ஒரு நாளுக்குப் பின் 34, 31 நாட்களுக்குப் பின் 21. நினைவு முதலில் வேகமாகச் சரிந்து, பிறகு மெல்ல நிதானமடைகிறது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

அப்படியானால் அடிக்கடி படித்தால் போதாதா? போதாது. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள்; ஒரு வாரம் கழித்தோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். தேடி எடுக்கும் முயற்சியே நினைவைக் கெட்டிப்படுத்துகிறது. பார்த்தவுடன் 'தெரியும்' என்று தோன்றுவது அடையாளம் காண்பது மட்டுமே. எழுதும்போது சொல்லைத் தானாக எடுத்துத் தருவது வேறு திறன்.

இந்த இரண்டு உண்மைகளையும் இணைக்கும் எளிய கருவியை அறிவியல் எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972இல் விளக்கினார்: அறைகள் பிரித்த ஒரு பெட்டி, அதில் கேள்விச் சீட்டுகள். நான் அதற்கு எங்கள் வீட்டின் பழைய மர அஞ்சறைப் பெட்டியை எடுத்துக்கொண்டேன். கல்பாசியும் மராட்டி மொக்கும் இருந்த அறைகளில் இப்போது அளவாகக் கத்தரித்த சீட்டுகள் இருக்கின்றன. முதல் அறையை நாள்தோறும் பார்க்கிறேன். அடுத்தடுத்த அறைகளை 3, 7, 15, 30 நாட்களுக்கு ஒருமுறை. சரியாகச் சொன்னால் சீட்டு அடுத்த அறைக்குப் போகும். தவறினால் எந்த அறையிலிருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். மறக்கப்போகும் தறுவாயில் சொல்லைத் தேட வேண்டியிருப்பதால்தான் இந்த இடைவெளி பலன் தருகிறது.

சீட்டில் என்ன எழுதுகிறோம் என்பதும் முக்கியம். 'பெட்ரிகோர்' என்ற சொல்லை ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் இசபெல் ஜாய் பேரும் ரிச்சர்ட் தாமஸும் 1964இல் உருவாக்கினர். 'பெட்ரா' என்றால் பாறை, 'இகோர்' என்பது கிரேக்கத் தெய்வங்களின் நாளங்களில் ஓடுவதாகச் சொல்லப்படும் நீர்மம். 'மண்வாசனை' என்று மட்டும் எழுதாமல், வெயிலில் வறண்ட செம்மண்ணில் முதல் மழை விழும் நேரத்தை எழுதினேன், ஒருமுறைகூடத் தவறவில்லை.

'இம்ப்ளூவியம்' என்ற சொல் மட்டும் இரண்டு முறை முதல் அறைக்குத் திரும்பியது. அந்தச் சீட்டில் 'மழைநீர்த் தொட்டி' என்று மொட்டையாக எழுதியிருந்தேன். அதைக் கிழித்துவிட்டு, 'நம் வளவில் கூரைத் தண்ணீர் விழும் தாழ்ந்த இடத்தைப்போல, ரோமானிய வீட்டுக் கூடத்தில் இருந்த தொட்டிக்கு என்ன பெயர்?' என்று எழுதினேன். இப்போது அது நான்காம் அறையில் இருக்கிறது.